தகரக் கொட்டகையில் ஒரு தத்துவ ஞானி

(மூன்றாம் ஆண்டு இளங்கலை வரலாற்று மாணவன் ஒருவன் எழுதுவது)

மலைகளின் அரசி என்று புகழப்படும் உதகைக்கு ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் வருகின்றனர். தாவரவியல் பூங்காவில் மலர் காண்கின்றனர். ஏரியில் படகு விடுகின்றனர். 1908இல் உதகை வரை ஓடத் தொடங்கிய மலை இரயிலில் ஏறி மகிழ்கின்றனர். மாணவர்களாகிய நாமோ ஜான் சல்லிவன் கட்டிய கல் பங்களாவின் வளாகத்தில் அமர்ந்து பாடம் கேட்கிறோம். ஆனால், நம் கல்லூரிக்குச் சில கிலோமீட்டர் தொலைவில், பெர்ன்ஹில் பகுதியில், மஞ்சனக்கொரைக்குச் செல்லும் வழியில் ஒரு குருகுலம் இருப்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? பாரிஸ் நகரத்துச் சோர்போன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற பேரறிஞர் ஒருவர் அங்கே ஒரு தகரக் கொட்டகையில் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்தார் என்பதை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? இரண்டாண்டுகள் இவ்வூரில் படித்த பின்னும் நான் கேள்விப்பட்டிருக்கவில்லை. அவரை நான் தேடிச் செல்லும்படி செய்தது ஓர் அர்ச்சனைத் தட்டு.

அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தந்தையைப் பெற்ற என் அப்பாயி இலங்கையில் கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் தாயகம் திரும்பிய பல்லாயிரம் குடும்பங்களுள் எங்கள் குடும்பமும் ஒன்று. குன்னூர்ப் பக்கத்தில் அரசுத் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் குடியேறி, முதுகில் கூடையும் இடுப்பில் படங்குச் சாக்குமாகக் கொழுந்து பறித்தே பிள்ளைகளை வளர்த்தார். சமவெளியில் உள்ள பூர்வீக ஊரின் கோயில் திருவிழாவை ஒருமுறையேனும் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. சென்ற ஆண்டு வைகாசியில் நான் அழைத்துச் சென்றேன். தேங்காய், பழம், வெற்றிலை வைத்த தட்டுடன் வரிசையில் நின்றோம். முறை வந்தபோது முன்னால் நின்ற பெரியவர் ஒருவர், நாங்கள் எந்தத் தெரு என்று கேட்டார். அப்பாயி சொன்னார். தட்டை வெளித் திண்ணையில் வைத்துவிட்டுப் போகும்படி அவர் கையைக் காட்டினார். அப்பாயி ஒரு வார்த்தை பேசவில்லை, வைத்துவிட்டுத் திரும்பினார். திரும்பி வரும் பேருந்தில், அது சாமிக்குத் தெரிந்து நடப்பதன்று என்று மட்டும் சொன்னார். நான் மேட்டுப்பாளையம் வரும்வரை வாய் திறக்கவில்லை.

எல்லா உயிரிலும் உறைவது ஒரே பரம்பொருள் என்று சொல்லும் சமயமும், எந்தத் தெரு என்று கேட்கும் வழக்கமும் ஒரே வாசலில் எப்படி நிற்கின்றன? அந்தப் பெரியவர் செய்தது சமயமா, சமயத்தின் மேல் படிந்த களிம்பா? கல்லூரி திறந்ததும் எங்கள் விரிவுரையாளர் ஒருவரிடம் இக்கேள்வியைக் கேட்டேன். அவர் விடை சொல்லவில்லை. பெர்ன்ஹில்லில் வாழ்ந்த நடராஜ குருவின் வரலாற்றைப் படித்துவிட்டு வா என்று அனுப்பினார். படித்தேன். படித்ததையே ஈண்டு என் தோழர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

தந்தை பட்ட காயம்

நடராஜ குருவின் வரலாறு அவருடைய தந்தையாரிடமிருந்து தொடங்குகிறது. தந்தை டாக்டர் பல்பு 1863இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர், ஈழவர் குலத்தினர். அக்காலத் திருவிதாங்கூரில் அச்சமூகத்தார்க்குக் கோயில் வாயில் மட்டுமன்று, பள்ளி வாயிலும் அலுவலக வாயிலும் அடைபட்டே கிடந்தன. பல்பு மருத்துவப் படிப்புக்கான தேர்வில் தேறியும் சொந்த மாநிலத்தில் இடம் மறுக்கப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று பட்டத்துடன் திரும்பினார்; வேலை மறுக்கப்பட்டது. மைசூர் அரசு அவரை ஏற்றுக்கொண்டது. பெங்களூரில் பிளேக் நோய் பரவியபோது, மக்கள் ஊரைவிட்டு ஓடிய வேளையில், உயிரைப் பொருட்படுத்தாது பணியாற்றினார். பிறந்த மண் தீண்டத் தகாதவர் என்று ஒதுக்கிய கைகளே பிளேக் நோயாளிகளைத் தொட்டு மருத்துவம் பார்த்தன.

பல்பு தம் காயத்தைத் தமக்குள் வைத்துப் புழுங்கவில்லை. 1891இல் திருவிதாங்கூர் மன்னருக்கு அளிக்கப்பட்ட மலையாளி விண்ணப்பத்தில் முன்வரிசையில் கையொப்பமிட்டார். 1896இல் 13,176 பேரின் கையொப்பத்துடன் ஈழவர் விண்ணப்பத்தை அளித்தார். விண்ணப்பங்களால் கதவு திறக்கவில்லை. விவேகானந்தர் மைசூர் நாட்டுக்கு வந்தபோது பல்பு அவரைச் சந்தித்தார் என்றும், ஆன்மிகப் பெரியார் ஒருவரை முன்னிறுத்தி மக்களைத் திரட்டுமாறு விவேகானந்தர் அறிவுரை கூறினார் என்றும் சொல்வர். அத்தகைய பெரியார் ஒருவர் அவருடைய சமூகத்திலேயே தோன்றியிருந்தார். அவரே ஸ்ரீ நாராயண குரு. அக்குருவைத் தலைவராகக் கொண்டு 1903இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் அமைந்தது. டாக்டர் பல்புவும் கவிஞர் குமாரன் ஆசானும் அதற்குத் தூண்களாக நின்றனர்.

கல்லிலிருந்து கண்ணாடிக்கு

நாராயண குருவைப் பற்றி ஓரளவேனும் அறியாமல் நடராஜ குருவை அறிய இயலாது. அவர் மலையாள நாட்டினர் ஆயினும் தமிழ் மணம் கமழ்ந்தவர். நம் கன்னியாகுமரி மாவட்டத்து மருந்துவாழ் மலைக் குகையில் தவமிருந்தவர். தைக்காடு அய்யாவு என்னும் தமிழ்ப் பெரியாரிடம் யோகம் பயின்றவர். தமிழில் தேவாரப் பதிகங்கள் பாடியவர். திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளத்தில் பெயர்த்தவர்.

1888இல் நெய்யாற்றங்கரையில் உள்ள அருவிப்புறத்தில், ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவலிங்கமாக நிறுவினார். பிரதிட்டை செய்யும் உரிமை பிறப்பால் ஒரு வகுப்பாருக்கே உரியது என்றிருந்த காலம் அது. ஒரு சொல்லும் சினந்து பேசாமல், ஒரு கல்லை நட்டு, பல நூற்றாண்டு வழக்கத்தை அசைத்துவிட்டார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 1927இல் களவங்கோடத்தில் தெய்வ வடிவத்துக்கு மாறாக ஒரு கண்ணாடியை நிறுவினார். வழிபட வருபவன் தன்னையே காண்கிறான். கல்லில் தொடங்கிய வழிபாடு கண்ணாடியில் முடிந்தது. உன்னுள் இருப்பதைத்தான் வெளியில் தேடுகிறாய் என்னும் அத்துவைத நெறியைப் பாமரனுக்கும் புரியும்படி இதைவிட எளிதாக யாரால் காட்ட இயலும்?

1924ஆம் ஆண்டு வைக்கம் போராட்டம் நடைபெற்றது. கோயிலுக்குள் நுழைவதற்காக அன்று. கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காக! நம் தந்தை பெரியார் அப்போராட்டத்தில் சிறை சென்றதை நாம் பாடத்தில் படிக்கிறோம். அடுத்த ஆண்டு காந்தியடிகள் சிவகிரி சென்று நாராயண குருவைச் சந்தித்தார். அங்கிருந்த மரத்தின் இலைகள் ஒன்றுபோல் மற்றொன்று இல்லாதது போலவே மனிதரிலும் வேறுபாடு இயற்கை என்று காந்தியடிகள் கூற, இலைகளைக் கசக்கிப் பார்த்தால் சாற்றின் சுவை ஒன்றே என்னும் கருத்தைக் குரு எடுத்துக்காட்டினார் என்று ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. இதைப் படித்தபோது எனக்கு என் அப்பாயியின் கூடை நினைவுக்கு வந்தது. எந்தக் கை பறித்த கொழுந்து என்று தேயிலை ஆலையில் யாரும் கேட்பதில்லை. பிறகு எடை மட்டும்தான், சுவை மட்டும்தான்.

மகனின் கல்வி

இத்தகைய தந்தைக்கு மகனாக, இத்தகைய குருவின் அருள் நிழலில், 1895 பிப்ரவரியில் பெங்களூரில் பிறந்தவர் நடராஜன். பெங்களூரிலும் திருவனந்தபுரத்திலும் தொடக்கக் கல்வி. இலங்கையில் கண்டித் திரித்துவக் கல்லூரியில் மெட்ரிகுலேஷன். சென்னை மாநிலக் கல்லூரியில் அறிவியல் பயின்று முதுகலைப் பட்டம். அதன்பின் ஆசிரியப் பயிற்சி. அவர் கண்டியில் படித்தார் என்று சொன்னபோது என் அப்பாயியின் முகம் மலர்ந்தது. தம் ஊரில் படித்த பிள்ளை என்று உடனே உறவு கொண்டாடிவிட்டார்.

தந்தையார் நினைத்திருந்தால் மகனைப் பெரிய பதவியில் அமர்த்தியிருக்கலாம். மகன் குருவை நாடினார். ஆலுவா அத்துவைத ஆசிரமத்திலும், பின்னர் வர்க்கலை சிவகிரியில் நடந்த பள்ளியிலும் பணி செய்தார். 1923இல் குருவின் ஆசியுடன் நம் நீலகிரிக்கு வந்து, பெர்ன்ஹில்லில் நாராயண குருகுலத்தைத் தொடங்கினார். ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்தில் வாழ்ந்து, உழைத்து, உண்டு, கற்கும் பழைய குருகுல முறையைப் பிறப்பு வேறுபாடின்றிப் புதுப்பிக்க வேண்டும் என்பது அவருடைய கனவு. அக்கனவு அன்று நிலைக்கவில்லை. உட்பூசல்கள் தோன்றின, சில ஆண்டுகளில் குருகுலம் மூடப்பட்டது. முப்பத்திரண்டு வயதில் அவர் வெறுங்கையுடன் குருவிடம் திரும்பினார்.

தோற்றுத் திரும்பிய சீடனைக் குரு கடிந்துகொள்ளவில்லை. மேலும் படிக்குமாறு ஐரோப்பாவுக்கு அனுப்பினார். துறவி ஒருவர், தம் சீடனைப் பாரிஸ் நகரத்துக்குப் படிக்க அனுப்பியதை நாம் ஊன்றி நோக்க வேண்டும். கீழை ஞானம் மேலை அறிவியலுக்கு அஞ்ச வேண்டியதில்லை என்னும் உறுதி அவரிடம் இருந்திருக்க வேண்டும். சீடன் அயல்நாட்டில் இருந்தபோதே, 1928 செப்டம்பர் 20ஆம் நாள் நாராயண குரு சிவகிரியில் சமாதி அடைந்தார். அனுப்பி வைத்தவரிடம் திரும்பிச் சென்று பட்டத்தைக் காட்டும் பேறு நடராஜனுக்குக் கிட்டவில்லை.

ஜெனீவா ஏரிக் கரையில் ஒரு பன்னாட்டுப் பள்ளியில் ஆசிரியராக இருந்துகொண்டே அவர் ஆய்வு செய்தார். பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் பெர்க்சனின் சிந்தனை அவரை ஆழமாக ஈர்த்தது. கல்வி நிகழ்வில் ஆளுமைக்கு உள்ள இடம் என்பது அவருடைய ஆய்வுப் பொருள். ஆசிரியனுக்கும் மாணவனுக்கும் இடையே ஓடும் உயிர்த் தொடர்பே கல்வி என்பது அதன் சாரம். உபநிடதம் என்ற சொல்லுக்கே அருகில் அமர்தல் என்று பொருள் கூறுவர். சோர்போன் பல்கலைக்கழகம் அவ்வாய்வுக்கு உயர்ந்த மதிப்புரையுடன் டாக்டர் பட்டம் வழங்கியது. ஜெனீவாவிலிருந்து வந்த சூஃபி காலாண்டிதழில் நாராயண குருவைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைகளின் வாயிலாகவே ரோமெய்ன் ரோலந்து போன்ற மேலைநாட்டு அறிஞர்கள் அக்குருவை அறிந்தனர்.

பட்டமும் தகரக் கொட்டகையும்

தோழர்களே! 1933இல் அவர் தாயகம் திரும்பினார். சோர்போன் டாக்டர் பட்டம் கையில் இருந்தது. இரண்டாண்டுகள் இந்தியாவெங்கும் வேலை தேடி அலைந்தார். வேலை கிடைக்கவில்லை!

இந்த இடத்தை நான் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். என் அண்ணன் முதுகலைப் பட்டம் பெற்று மூன்றாண்டுகள் ஆகின்றன. எழுதாத தேர்வில்லை. இப்போது குன்னூரில் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறான். படித்து என்ன கண்டோம் என்று எங்கள் வீட்டில் இரவுச் சோற்றின் முன் எழும் கேள்வி, நம் கல்லூரியில் பலருடைய வீடுகளிலும் எழும் கேள்விதான். பட்டம் பெற்றும் வேலை மறுக்கப்பட்ட தந்தைக்கு, பட்டம் பெற்றும் வேலை கிடைக்காத மகன். ஆனால் தந்தை செய்தது போலவே மகனும் அங்கே நின்றுவிடவில்லை.

அவர் மீண்டும் உதகைக்கு வந்தார். மூடிக் கிடந்த குருகுலத்தில் ஒரு தகரக் கொட்டகையில் குடியேறினார். டிசம்பர் மாதத்து உதகையின் உறைபனியைத் தகரக் கூரையின் கீழ் கழிப்பது எத்தகையது என்பதை நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலும் தனியாகவே, கற்றலிலும் தியானத்திலும், ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார். தம் குருவின் நூல்களை ஒவ்வொரு சொல்லாக ஆராய்ந்தார். வெளியுலகுக்கு அவர் வேலையற்ற பட்டதாரி. உள்ளுக்குள் அவர் செய்துகொண்டிருந்த வேலையின் பயன் பின்னரே தெரிந்தது. ஜான் ஸ்பியர்ஸ் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவர் முதல் சீடராக வந்து சேர்ந்தார். பின்னர் மங்களானந்த சுவாமியும் நித்ய சைதன்ய யதியும் வந்தனர். 1952இல் நாராயண குருவின் வாழ்வையும் நெறியையும் விளக்கும் அவருடைய ஆங்கில நூல் வெளிவந்தது. 1955இல் ஸ்பியர்ஸ் பெங்களூரிலிருந்து வேல்யூஸ் என்னும் திங்களிதழைத் தொடங்கினார். 1948இல் தம் அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்து உலகக் குடிமகன் எனத் தம்மை அறிவித்துக்கொண்ட காரி டேவிஸ், 1956இல் இந்தியா வந்து இவரிடம் பாடம் கேட்டார். வேலை தேடி ஊர் ஊராக அலைந்தவரைத் தேடிக் கடல் கடந்து மக்கள் வந்தனர்.

நான்கு வழிகளும் ஒரு மலையும்

அவர் தகரக் கொட்டகையில் கண்டது யாது? என் சிற்றறிவுக்கு எட்டியவரை சொல்கிறேன்; பிழையிருப்பின் விரிவுரையாளர்கள் பொறுத்தருள்க.

இந்து சமயம் எனப்படும் பெருங்கடலுக்குத் தோற்றுவித்தவர் ஒருவரில்லை. ஒரே வேதநூல் என்பதும் இல்லை. ஆயினும் சில அடிப்படைக் கொள்கைகள் பெரும்பாலான நெறிகளுக்கும் பொதுவாக உள்ளன. உலகுக்கு மூலமாகிய பரம்பொருள், உயிருக்குள் உயிராகிய ஆன்மா, செய்த வினையின் பயன் செய்தவனைத் தொடரும் என்னும் கன்மம், பிறவிச் சுழல், அதிலிருந்து விடுதலையாகிய வீடு. அறம், பொருள், இன்பம், வீடு என வாழ்வின் பயன் நான்கு. மாணவன், இல்லறத்தான், வனத்தில் உறைவோன், துறவி என வாழ்வின் நிலைகள் நான்கு. இவற்றோடு வருணம் நான்கு என்றும் நூல்கள் பேசுகின்றன. இங்கேதான் இடறுகிறோம்.

வருணப் பகுப்புக்குக் குணத்தையும் தொழிலையும் கீதை அடிப்படையாகச் சொல்கிறது. தரும நூல்களோ பிறப்பைப் பிடித்துக்கொண்டு உயர்வு தாழ்வு வகுத்தன. நடைமுறையில் நான்கு என்பது ஆயிரமாகக் கிளைத்தது. இதை மறைத்துப் பேசுவது நேர்மையன்று. ஆனால் அதே மரபில்தான் சாந்தோக்கிய உபநிடதத்துச் சத்தியகாமன் கதையும் இருக்கிறது. குருவிடம் கல்வி கேட்கச் சென்ற சிறுவனிடம் அவன் கோத்திரம் கேட்கப்படுகிறது. தந்தை யாரென்று தாய்க்கே தெரியாது. பல இடங்களில் ஏவல் செய்து வாழ்ந்தவள் அவள். தாய் சொன்னதை அப்படியே குருவிடம் சொல்கிறான் சிறுவன். உண்மை பேசிய அந்தத் துணிவையே தகுதியாகக் கொண்டு குரு அவனை ஏற்கிறார். எந்தத் தெரு என்ற கேள்வி அந்நாளிலேயே கேட்கப்பட்டது. அதற்குச் சரியான விடையும் அந்நாளிலேயே அளிக்கப்பட்டது. நாம் கேள்வியை மட்டும் காப்பாற்றி வைத்துக்கொண்டு விடையை மறந்துவிட்டோம்!

அந்த விடையை மீட்டெடுத்தவர் நாராயண குரு. பசுவுக்குப் பசுத்தன்மை சாதியாவது போல மனிதனுக்கு மனிதத்தன்மையே சாதி என்று அவர் தெளிவுபடுத்தினார். தரிசன மாலை என்னும் தம் வடமொழி நூலில் நூறு செய்யுட்களைப் பத்துத் தரிசனங்களாக வகுத்தார். அவற்றுள் கன்மம், ஞானம், பக்தி, யோகம் ஆகிய நான்கும் அடுத்தடுத்து வந்து, இறுதியில் நிர்வாணத்தில் நிறைகின்றன. நம் சைவ சித்தாந்தம் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு படிகள் கூறுவதை இங்கே ஒப்பிட்டு எண்ணலாம். குன்னூர் வழியாகவும் உதகைக்கு வரலாம், கோத்தகிரி வழியாகவும் வரலாம், கூடலூர் வழியாகவும் வரலாம், மலை ஒன்றே. பக்தி என்பதற்கு ஆன்மாவையே இடைவிடாது நாடுதல் என்று நாராயண குரு பொருள் கொண்டார். அப்பொருளில் பார்த்தால் தட்டை ஏந்தி நின்ற என் அப்பாயி பக்தை. தட்டைத் தடுத்தவர் எவ்வழியைச் சேர்ந்தவர் என்று எனக்குத் தெரியவில்லை.

நடராஜ குரு இந்நூலை அடித்தளமாகக் கொண்டு, பிரம்ம வித்தை என்பது ஓர் அறிவியல் என்று நிலைநாட்ட முயன்றார். நாம் கணிதத்தில் வரையும் கிடைக்கோடும் செங்குத்துக் கோடும் அவருக்குக் கருவிகளாயின. கிடைக்கோட்டில் இருப்பது வெளியுலக வாழ்வு. அங்கே வேறுபாடும் போட்டியும் உண்டு. செங்குத்துக் கோட்டில் இருப்பது அகத்தின் ஏற்றம். அங்கே மனிதனும் மனிதனும் மோதுவதில்லை. இரண்டும் சந்திக்கும் புள்ளியை அறிந்து வாழ்வதே ஞானம். நான் புரிந்துகொண்டது இதுதான்: தொழிலும் ஊரும் தெருவும் கிடைக்கோட்டுச் செய்திகள். அவற்றைக் கொண்டு ஒருவனுடைய ஆன்மாவின் உயரத்தை அளப்பது, படியைக் கொண்டு வெப்பத்தை அளப்பது போன்ற அறிவீனம். அறிவியல் என்றால் அது எல்லார்க்கும் பொது. வேதியியல் ஆய்வகத்தில் அமிலம் நம் குலம் கேட்டு வினைபுரிவதில்லை. பிரம்ம வித்தையும் அப்படியே. எவர் முறையாகக் கற்கிறாரோ அவருக்கு அது சொந்தம். இந்த ஒரு கருத்துக்காகவே அவர் பதினைந்து ஆண்டுகள் தகரக் கூரையின் கீழ் தவமிருந்தார் என்பேன்.

கீதைக்கும் சௌந்தரிய லகரிக்கும் அவர் ஆங்கிலத்தில் விரிவுரை கண்டார். பரம்பொருளைப் பற்றிய ஒருங்கிணைந்த அறிவியல் என்னும் பெருநூலை எழுதினார். 1973 மார்ச்சில் வர்க்கலையில் சமாதி எய்தினார். பெர்ன்ஹில் குருகுலத்தில் அவருடைய மரபைத் தொடர்ந்த நித்ய சைதன்ய யதி 1999இல் மறைந்தார்.

ஒரு நாள் குருகுலத்தில்

சென்ற கார்த்திகையில் ஒரு ஞாயிறன்று அப்பாயியைப் பெர்ன்ஹில்லுக்கு அழைத்துச் சென்றேன். அண்ணன் தன் ஜீப்பிலேயே கொண்டுவந்து விட்டான். மூடுபனி விலகாத காலை. மரங்களுக்கு நடுவே அமைதியாக இருந்தது அவ்விடம். அங்கே இருந்தவர்கள் எங்களை உட்காரச் சொன்னார்கள், தேநீர் கொடுத்தார்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்கள். அப்பாயி ஒரு நொடி தயங்கியதைக் கண்டேன். குன்னூர் என்று நான் சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கோயிலும் இல்லை, மணியும் இல்லை, இது என்ன இடம் என்று அப்பாயி என் காதில் கேட்டார். படிக்கிற இடம் என்றேன். அப்படியானால் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று தாமாகவே கழற்றி ஓரமாக வைத்தார். அண்ணன் நெடுநேரம் வெளியே நின்றிருந்தான். டாக்டர் பட்டம் பெற்று வேலை கிடைக்காதவர் வாழ்ந்த இடம் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன். திரும்பும் வழியில், பதினைந்து வருஷமா என்று ஒரு முறை கேட்டான். வேறொன்றும் பேசவில்லை. ஆனால் அடுத்த வாரம் பரணில் கிடந்த தன் புத்தகப் பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தான்.

துறவு எல்லார்க்கும் உரிய வழியன்று, அண்ணனுக்கு வேலை வேண்டும், எனக்கும் வேண்டும். தகரக் கொட்டகையைப் போற்றிப் பேசி வேலையில்லாக் கொடுமையை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் உலகம் ஒருவனுக்கு வேலை கொடுக்கவில்லை என்பதால் அவன் கற்ற கல்வி வீணாகிவிடுவதில்லை என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு சான்று இருக்கிறது. பிறப்பைக் கேட்டு வாயிலை அடைப்பவர்கள் எவ்வளவு உரக்கப் பேசினாலும், அவர்கள் காப்பதாகச் சொல்லும் சமயத்தின் உள்ளறையில் அவர்களுக்கு எதிரான தீர்ப்பு எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கும் அவரே சான்று.

சட்டமும் நம் பக்கம் நிற்கிறது. திருவிதாங்கூரில் 1936 நவம்பர் 12ஆம் நாள் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. சென்னை மாகாணத்தில் 1947இல் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. சட்டம் கதவைத் திறந்துவிட்டது. கதவருகே நின்று தெருவைக் கேட்பவரின் மனக்கதவைத் திறக்கும் வேலை நம்மைப் போன்ற படித்தவர்களுக்கு உரியது.

வரும் வைகாசியில் மறுபடியும் ஊருக்குப் போக வேண்டும் என்று அப்பாயி சொல்கிறார். எனக்கு வியப்பாக இருந்தது. சாமி மேல் கோபமில்லையே என்கிறார். நானும் போகிறேன், அண்ணனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். இம்முறை தட்டை நான் ஏந்தப் போகிறேன். எந்தத் தெரு என்று கேட்டால் சத்தியகாமனைப் போல உண்மையைச் சொல்வேன். சொல்லிவிட்டு, திண்ணையில் வைக்காமல், உள்ளே செல்ல வழி விடுமாறு பணிவுடன் கேட்பேன். விடுவார்களா என்று அறியேன். ஆனால் இம்முறை நான் பேசாமல் திரும்பமாட்டேன். பெர்ன்ஹில்லின் அந்தத் தகரக் கொட்டகை எனக்குக் கற்றுத்தந்த பாடம் அதுவே.